பருத்திப்பாலும் நாட்டுக் கத்திரிக்காயும்

மதுரையில் சாயங்கால நேரத்துத் தள்ளுவண்டியில் சுடச்சுடப் பருத்திப்பால் குடித்தவர்கள் கை தூக்குங்கள். கருப்பட்டி, சுக்கு, ஏலம், மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல். பாட்டி காலத்துச் சத்து, நெஞ்சுச்சளிக்கு மருந்து என்று அதைப் படம்பிடித்துப் போடாத ஆளே கிடையாது. அந்தப் பருத்திக்கொட்டை என்ன ரகம் என்று யாராவது கேட்டோமா? 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்றைக்கு இந்தியாவில் பருத்தி விளையும் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். மாட்டுக்கு வைக்கிற கொட்டையும், கொட்டையிலிருந்து எடுக்கிற சமையல் எண்ணெயும் பெரும்பாலும் அந்தச் செடியிலிருந்துதான் வருகின்றன. கோழித்தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்துகொள்ள 2021இல் ஒன்றிய அரசே வழிவிட்டது.

குடித்தால் செத்துப்போவீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘ஜி.எம். வேண்டாம், லோக்கல் வாங்குவோம்’ என்று துணிப்பையில் அச்சடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறோமே, அந்த வாசகத்தோடுதான் எனக்குச் சண்டை. அது இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையில் கட்டிப்போட்டு, இரண்டிலிருந்தும் நம்மைத் தப்பிக்க வைக்கிறது.

கோவையில் ஓர் ஆர்கானிக் கடையில் மஞ்சள்தூள் பொட்டலத்தில் ‘மரபணு மாற்றம் செய்யப்படாதது’ என்று ஒட்டியிருந்தார்கள். மரபணு மாற்றிய மஞ்சள் உலகத்தில் எங்கேயும் விற்பனையில் இல்லை. இல்லாத பேயை ஓட்டியதற்கும் சேர்த்து விலை வைத்திருக்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

சரி, லோக்கல் கதைக்கு வருவோம். என் மாமாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் கத்திரித் தோட்டம். அந்தச் சந்தையிலிருந்துதான் கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. 2015இல் ‘தமிழ்நாட்டுக் காயில் விஷம்’ என்று கேரளத்தில் பேச்சு எழுந்தபோது நமக்கெல்லாம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மாமாவுக்கு வரவில்லை. “அடிக்கிறது நாந்தானப்பா, எனக்குத் தெரியாதா?” என்றார்.

அவர் ஏன் அடிக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் வாயைத் திறக்கவே கூடாது. கத்திரியின் ஜென்ம எதிரி தண்டு, காய்ப்புழு. அந்துப்பூச்சி இலையிலும் குருத்திலும் முட்டையிடும். பொரித்து வந்த புழு கொஞ்ச நேரத்திலேயே குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போனபின் எந்த மருந்தும் அதன்மேல் படாது. ஆகவே வெளியே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் பிடிக்க வேண்டும். எப்போது வெளியே வரும் என்று தெரியாததால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தாநாள் அடித்த வயலில் இன்று காய் பறிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரகமும் ஒன்றும் நாட்டு ரகம் இல்லை, பாக்கெட்டில் வாங்கிய ஹைப்ரிட்தான். ஆனால் தோட்டம் நம் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர். லோக்கல்!

இந்தப் புழுவுக்காகத்தான் பி.டி. கத்திரிக்காய் வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்தார்கள். கடிக்கிற புழு சாகும். அதே பாக்டீரியாவைத் தூளாக்கித் தெளிப்பதை இயற்கை விவசாயம் அனுமதிக்கிறது என்பது ஒரு வேடிக்கை. மஹிகோ நிறுவனத்தோடு நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இந்த வேலையில் கூட்டு. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு தலையாட்டியது. அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசினார். நான் கல்லூரியில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அட்டை பிடித்ததற்கு இன்றும் வெட்கமில்லை. விற்கப்போகிறவனே பரிசோதித்து ‘ஒன்றும் ஆகாது’ என்று கொடுத்த சான்றிதழை எப்படி நம்புவது? உள்ளூர் ரகங்களை முறையான அனுமதி பெறாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று தேசியப் பல்லுயிர் ஆணையமே 2011இல் சட்ட நடவடிக்கைக்குக் கிளம்பியது. பருத்தியில் பட்டதும் போதும். அதை ஹைப்ரிடாக மட்டுமே இறக்கியதால் வருஷாவருஷம் விதைக்குக் கடை வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ குஜராத்தில் அந்த மரபணுவுக்குப் பழகிக்கொண்டுவிட்டது என்று 2010இல் கம்பெனிக்காரர்களே ஒத்துக்கொண்டார்கள்.

எனக்கு வெட்கம் அதற்கப்புறம் நடந்ததில். நாம் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். தடை என்பது சுதந்திரமான ஆய்வு வரும்வரை நிறுத்திவைப்பது; அந்த ஆய்வு எங்கே என்று எந்த அட்டையும் கேட்கவில்லை. கைத்தெளிப்பானைப் பற்றியும் கேட்கவில்லை. பக்கத்தில் வங்கதேசம் 2013இல் அதே மரபணுவுள்ள நான்கு ரகங்களை அனுமதித்தது. அவற்றை அரசு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. ஹைப்ரிட் இல்லை, விவசாயி விதையை எடுத்துவைத்து மறுபடி போடலாம். அதுவும் சொர்க்கம் கிடையாது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அங்கேயும் மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் விதை யார் கையில் என்ற கேள்விக்கும், மரபணு மாற்றலாமா என்ற கேள்விக்கும் தனித்தனியாக விடை தேட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். நாமோ இரண்டையும் ஒரே கோஷத்தில் குழைத்து, கோவைப் பல்கலைக்கழகம் விதை எடுத்துவைக்கக்கூடிய ரகங்களில் செய்த வேலையையும் அலமாரிக்குள் பூட்டினோம். ஒரு பொதுத்துறை ஆய்வுக்கூடம் ஓய்ந்துபோவதால் லாபம் யாருக்கு? பூச்சிமருந்துக் கடைக்காரருக்குத்தான்.

வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். நானும் பகிர்ந்தேன். ஆனால் குறியீட்டுக்குப் புழு பயப்படாது.

போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது கொல்லையில் நான்கு கத்திரிச் செடி நின்றது. மருந்து அடிக்காதது. அத்தை நறுக்கும்போது பத்துக்கு நாலு காயில் புழு. அந்தப் பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போட்டார். “இப்படியே ஒரு கூடை தர்றேன், உங்க துணிப்பை ஆளுங்ககிட்ட வித்துத் தர்றியா?” என்றார் மாமா. சென்னைக்கு வந்து எங்கள் குழுவில் போட்டேன். காயின் படத்துக்கு 34 பேர் இதயம் போட்டார்கள். ஒருத்தர் மட்டும் விலை கேட்டார். ஓட்டை இருக்கும் என்றதும் அவரும் பதில் போடவில்லை.