கம்ப்யூட்டர் 'அப்டேட்'டும் குமாஸ்தாவின் பாடும்

போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று போகிற வழியெல்லாம் உள்ள ஏலத்தோட்ட ஆபீசுகளில் ஒரே மேஜையில் மூன்று மொழிகள் நடக்கின்றன. ஆட்களுக்கான அறிவிப்பு தமிழில் வேண்டும். பஞ்சாயத்துக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் போகும் மனு மலையாளத்தில் வேண்டும். பாங்கிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் போகிற காகிதம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். இம்மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவர் பல இடங்களில் போடியிலிருந்தோ தேவாரத்திலிருந்தோ மலை ஏறிச் சென்று வேலை பார்க்கும் தமிழ்க் குமாஸ்தாதான். வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கத்துத் தொழிற்சாலை ஆபீசுகளிலும் இதே கதைதான்.

அப்படிப்பட்ட ஆபீசில் ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் தானாகவே 'அப்டேட்' ஆகி எழுந்து நிற்கிறது. தமிழ்க் கடிதத்தின் எழுத்து வேறு மாதிரி தெரிகிறது. வரிகள் தள்ளிப் போய், ஒரு பக்கத்தில் அடங்கிய பட்டியல் இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. விசைப்பலகை பழைய முறையில் அடிக்க மறுக்கிறது. சம்பளச் சீட்டு வேறு பிரிண்டருக்குப் போய் நிற்கிறது. நான்கு எழுத்து அடித்தால் முழுப் பெயரும் விலாசமும் வந்து விழுமாறு செய்து வைத்திருந்த குறுக்கு வழிகள் எதுவும் இல்லை. ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேலை ஓடவில்லை. வெளியே சம்பளத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். "நேற்று வரை சரியாக இருந்ததே, நீ என்ன செய்தாய்?" என்று மானேஜர் கேட்கிறார். அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதே உண்மை.

இது அபூர்வமான சங்கதி அல்ல. தமிழும் மலையாளமும் அடிப்பவர்களுக்கு இதன் சரித்திரமே உண்டு. தமிழ் எழுத்துக்கு 'லதா' என்ற எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸோடு கூடவே வந்தது. ஆபீஸ் கடிதங்கள் பலவும் அதிலேயே அடிக்கப்பட்டன. மலையாளத்துக்கு 'கார்த்திகா' இருந்தது. 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10-ல் இவ்விரண்டும் 'விருப்பப்பட்டால் இறக்கிக் கொள்ளலாம்' என்ற பகுதிக்குத் தள்ளப்பட்டன. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 'நிர்மலா யுஐ' என்ற ஒன்றே கூடவே வந்தது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருந்தால் லதா வந்து சேரும், சேர்க்காதவருக்கு வராது. எல்லைப்புறத்து ஆபீஸ் கம்ப்யூட்டரோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுவது. தமிழை அதன் சொந்த மொழியென்று யாரும் பதிந்து வைப்பதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே நாளில் முகம் மாறிப்போன அதிசயம் இப்படித்தான் நிகழ்ந்தது.

பரிகாரம் இரண்டு நிமிட வேலை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்துக்குப் போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ், மலையாளம் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் இரண்டையும் சேர்க்கச் சொன்னால் பழைய எழுத்து திரும்ப வந்துவிடும். அதற்கு இன்டர்நெட் வேண்டும். மேட்டில் சிக்னல் ஒரு நாள் தமிழ்நாட்டு டவர், ஒரு நாள் கேரள டவர், ஒரு நாள் எதுவுமில்லை என்று இருப்பதை எங்கோ உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரிண்டர் விவகாரமும் இதே போன்றது. 2015 நவம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து, கடைசியாக எந்தப் பிரிண்டரில் அச்சடித்தீர்களோ அதையே வழக்கமான பிரிண்டராக விண்டோஸ் தானே மாற்றி வைத்துக் கொள்ளும் ஏற்பாடு புகுந்தது. வீட்டில் ஒரே பிரிண்டர் வைத்திருப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. சம்பளச் சீட்டுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கும் ஆபீசுக்கு இது தலைவேதனை. பிரிண்டர் செட்டிங்கில் 'விண்டோஸே நிர்வகிக்கட்டும்' என்ற பொருள்பட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு, வேண்டிய பிரிண்டரை 'டீஃபால்ட்' ஆக்கினால் தொல்லை தீரும்.

இவையெல்லாம் அசௌகரியங்கள் மட்டுமே. அதைவிடப் பெரியது 2018 அக்டோபரில் நடந்தது. அந்த மாதம் 2-ஆம் தேதி மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் இருந்ததையே அழித்துவிட்டது. இடம் போதாமல் அந்த ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தவர்களுக்கு, பழைய இடத்தில் ஒரு காலி ஃபோல்டர் வீணாகக் கிடக்கிறது என்று முன்னால் புகார் வந்திருந்தது. அந்தக் காலிப் பெட்டியை அகற்றுவதற்கு எழுதிய கட்டளை, பெட்டி உண்மையிலேயே காலியா என்று பாராமல் அகற்றிவிட்டது. சில நாட்களுக்குள் கம்பெனி அப்டேட்டை நிறுத்தி, சரி செய்து, நவம்பர் 13-ஆம் தேதி மறுபடியும் வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கே புகார் வந்ததாகக் கம்பெனி கூறியது. சோதனை பார்த்த சிலர் முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அது கவனிக்கப்படவில்லை என்பதும் பிறகு தெரிய வந்தது. பத்தாயிரத்தில் ஒருவர் என்பது கணக்குக்குச் சிறிய எண்தான். அந்த ஒருவருக்கு அது முழுக் கணக்கு.

எனவே அப்டேட் செய்யாமலே இருந்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. திருட்டு வழிகளை அடைப்பதற்கே பெரும்பாலான அப்டேட்கள் வருகின்றன. பாங்கிக் கணக்கும் ஆட்களின் ஆதார் நகல்களும் உள்ள கம்ப்யூட்டரை அடைக்காமல் விடுவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம்.

செட்டிங் போய்விட்டது என்று தெரிந்ததும் பலர் செய்வது, மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போடுவது. அவசரத்தில் செய்யும் இந்தக் காரியம், மறைந்து கிடந்த பழையதையும் சில வேளைகளில் துடைத்துவிடுகிறது. உண்மையில் பல சமயங்களில் பழைய செட்டிங் அழிவதில்லை. புது மென்பொருள் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவே. 2019 மே மாதம் வந்த பயர்பாக்ஸ் 67-ல் இதுதான் நடந்தது. கம்ப்யூட்டரில் எத்தனை முறை பயர்பாக்ஸ் தனித்தனியே நிறுவப்பட்டிருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனி 'புரொஃபைல்' என்ற முறை அப்போது புகுந்தது. தாங்கள் குறித்து வைத்த புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் தொலைந்தன என்று பலர் பதறினார்கள். பழைய புரொஃபைல் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. விலாசக் கட்டத்தில் 'அபவுட்:புரொஃபைல்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் திரும்பிவிடும்.

விண்டோஸில் பெரிய பதிப்பு மாற்றம் நடந்த பின் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் உண்டாகிறது. பழைய வீட்டுச் சாமான்கள் அதில் இருக்கும். வழக்கமாகப் பத்து நாள்தான் தவணை. பிறகு கம்ப்யூட்டரே அதை அழித்துவிடும். அந்தப் பத்து நாளுக்குள் 'ரெக்கவரி' பக்கத்தில் 'கோ பேக்' என்பதை அழுத்திப் பழைய பதிப்புக்கே திரும்பலாம். அல்லது வேண்டியதை மட்டும் அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக் கொள்ளலாம். இடம் அடைக்கிறது என்று கடைக்காரர் முதல் வேலையாக அழிக்க முற்படுவதும் அதைத்தான். அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

செட்டிங் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தவருக்கு நகலெடுப்பது கடினமில்லை. விண்டோஸில் அது 'ஆப்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டர். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில் இரு பக்கமும் சதவீதக் குறியிட்டு அடித்தால் அதில் 'ரோமிங்' என்ற உட்பிரிவு திறக்கும். அங்கே மைக்ரோசாப்ட் என்ற ஃபோல்டருக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதில் 'நார்மல்' என்றொரு ஃபைல் இருக்கிறது. வேர்டில் ஒருவர் பழக்கப்படுத்திய எழுத்து, ஓரம், இடைவெளி எல்லாம் அதில்தான். அது கெட்டாலோ காணாமற் போனாலோ வேர்ட் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிக் கொள்ளும். வேர்டை மூடிவிட்டுப் பழைய நகலை அதே இடத்தில் வைத்தால் பழைய வேர்ட் வந்துவிடும். தானாகத் திருத்தும் குறுக்குச் சொற்கள், 'ஆபீஸ்' என்ற உட்பிரிவில் ஏசிஎல் என்று முடியும் ஃபைல்களில் இருக்கின்றன. தோட்டத்து ஆட்களின் பெயர்களை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த சொந்த அகராதி, 'யூப்ரூஃப்' என்பதில் 'கஸ்டம்' என்ற பெயரில் கிடக்கிறது. எல்லாம் சேர்ந்தாலும் சில மெகாபைட்தான். மிகச் சிறிய பென் டிரைவிலும் இடம் மிச்சமிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஃபைலாக எடுக்க முடியாது. எந்த விசைப்பலகை, எந்தப் பிரிண்டருக்கு எந்தக் காகித அளவு, கணக்கு மென்பொருளில் பட்டியல் எத்தனை வரி, எந்த வெப்சைட்டுக்கு எந்த யூசர் பெயர் என்பதெல்லாம் சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டியவை. (பாஸ்வேர்டை அந்த நோட்டில் எழுதுவது வேறு ஆபத்து.) செட்டிங் பக்கத்தைத் திறந்து செல்போனில் போட்டோ எடுத்து வைத்தாலும் போதும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழைய முறை விசைப்பலகை கற்றவர் வேறு, தமிழ் 99 பழகியவர் வேறு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற முறை தமிழ் 99. இருந்தும் விரல் பழகியதுதான் அவரவருக்கு வேதம். விசைப்பலகைக்குத் தனி மென்பொருள் போட்டிருப்பவர், அதை நிறுவும் ஃபைலையும் கூடவே பத்திரப்படுத்த வேண்டும். தேவைப்படும் நாளில் அது இன்டர்நெட்டில் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை.

செல்போன் மட்டும் வைத்திருக்கும் தொழிலாளிக்கும் இதில் பங்குண்டு. ஊரில் உள்ளவர்களின் நம்பர்கள், பிள்ளைகளின் போட்டோ, முதலாளி வாட்ஸ்அப்பில் சொன்ன கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஆண்டிராய்டு போனில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுக்கிறது. போன் பழுதானால் அந்த நகலும் கூடவே போகும். கூகுளில் எடுக்கும் நகல் 2024 முதல் இலவச 15 ஜிபி இடத்துக்குள் கணக்கில் சேர்க்கப்படுகிறது. போட்டோவால் இடம் நிரம்பிவிட்டால் நகல் நின்றுவிடும்; பலர் அதைக் கவனிப்பதில்லை. கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று வாட்ஸ்அப் செட்டிங்கில் மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. நம்பர்களை 'எக்ஸ்போர்ட்' செய்து விசிஎஃப் ஃபைலாக வேறொருவர் போனுக்கு அனுப்பி வைக்கலாம். மேகத்தில் இருக்கிறது என்று முற்றும் நம்பி இருப்பதும் சரியல்ல. 2023 நவம்பரில், கம்ப்யூட்டரில் ஓடும் கூகுள் டிரைவ் மென்பொருளின் 84-ஆம் பதிப்பில் ஏற்பட்ட கோளாறினால் சிலருக்குப் பல மாதத்து ஃபைல்கள் மறைந்தன. அடுத்த மாதம் கூகுளே மீட்கும் வழியை வெளியிட வேண்டியதாயிற்று. பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் வகுத்த வழக்கம் ஒன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். துலாமழைக் காலத்தில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகும் மலையில், அந்த வேறு இடம் கீழே போடியில் உள்ள வீடாக இருக்கலாம். அங்கே கொண்டு போவது ஆபீஸ் விஷயமானால் முதலாளியின் சம்மதம் வேண்டும்.

இவ்வளவும் குமாஸ்தாவும் தொழிலாளியும்தான் செய்ய வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. லினக்ஸின் டெபியன், உபுண்டு வகைகளில் ஒரு மரியாதை உண்டு. நிர்வாகி கைப்பட மாற்றிய அமைப்பு ஃபைலை அப்டேட் தொடும்போது, "உங்களுடையதை வைத்துக் கொள்ளவா, புதியதைப் போடவா?" என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் பழையதையே வைத்துக் கொள்ளும். கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பது உபுண்டு வழி வந்த இத்தகைய சுதந்திர மென்பொருளில்தான். எல்லைக்கு அப்பால் தமிழ் மீடியத்தில் படிக்கும் தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் அது பழக்கம். காசு வாங்கி விற்கும் கம்பெனிகள் எல்லாச் செட்டிங்கிலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஏன் மனம் வரவில்லை?

கம்பெனியைத் திருத்துவது எட்டாத காரியம் என்றால், தோட்ட முதலாளி செய்யக் கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மருந்தடிக்கும் பம்பைப் பழுது பார்க்க நாள் ஒதுக்குபவர்கள், கம்ப்யூட்டர் நகலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. நகல் எடுப்பது குமாஸ்தாவின் சொந்த ஜாக்கிரதை என்றும், பென் டிரைவ் அவர் பையிலிருந்து வர வேண்டியது என்றும் நினைப்பு. அது ஆபீஸ் வேலை. மாதம் ஒரு மணி நேரமும் ஒரு டிரைவும் ஆபீஸ் கணக்கில் எழுதப்பட வேண்டும். அப்டேட்டினால் போன அரை நாளைச் சிப்பந்தியின் தலையில் கட்டுவது அநியாயம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் கால ஏற்பாடு செய்து கொண்டவர்கள் தவிர மற்றவர்கள் விண்டோஸ் 11-க்கோ புதுக் கம்ப்யூட்டருக்கோ மாறியாக வேண்டும். லதாவும் கார்த்திகாவும் அங்கேயும் தானாக வருவதில்லை. கடைக்காரர் மேலே வந்து மாற்றுவதற்கு முந்தின நாளே டெம்ப்ளேட்டும் அகராதியும் புக்மார்க்கும் பென் டிரைவுக்குப் போய்விட வேண்டும். செட்டிங் பக்கங்கள் போட்டோவில் இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரையோ அதன் டிஸ்க்கையோ ஒரு சம்பள நாள் கழியும் வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. காய் எடுப்பு மும்முரமாகி ஆபீசில் நிற்க இடமில்லாத மாதத்தில் இந்த மாற்றத்தை வைத்துக் கொள்ளாமல், கோடையில் வேலை குறைவான ஒரு வாரத்தில் முடிப்பதே உசிதம்.