சி போர்ட்டும் சில சந்தேகங்களும்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், பழைய பங்களாக்கள் இருந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வீட்டின் முன்னறையையே ஆபீஸாக்கித் தொழில் நடத்தும் ஆடிட்டர்கள் அநேகர். செப்டம்பரில் தணிக்கை அறிக்கைகளுக்கான கெடு நெருங்கும் சமயத்தில் அவர்களுடைய மேஜையைப் பார்த்தால், இக்காலத்து லேப்டாப்பின் தரித்திரம் விளங்கிவிடும். மெலிவே அழகென்று கருதி இரண்டே சி போர்ட்டுகளோடு வார்க்கப்பட்ட அந்த யந்திரத்தோடு சேரவேண்டியவையோ மவுஸ், பிரிண்டர், பெரிய மானிட்டர், லேன் ஒயர். இவை போதாவென்று கிளையன்ட்டுகளின் டிஜிட்டல் கையெழுத்தைத் தாங்கிய டோக்கன்கள், அத்தனையும் பழைய அகல யுஎஸ்பி வாய்க்காரர்கள். ஆகவே ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வாங்கியே தீரவேண்டும்.

ரிச்சி தெருவுக்குப் போனால், ரூ.2,000 பெறும் யுஎஸ்பி ஹப்பும், ரூ.20,000-ஐத் தாண்டும் தண்டர்போல்ட் டாக்கும் ஒரே முனையோடு ஒரே அலமாரியில் காட்சி தருகின்றன. “எல்லாம் டைப் சி தான் சார், போட்டா வேலை செய்யும்” என்கிறார் கடைக்காரர். அவர் சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதி விளங்க, சரித்திரத்தைச் சற்றுப் புரட்டவேண்டும்.

பரோடாவில் பயின்ற அஜய் பட் இன்டெல் நிறுவனத்தில் முன்னின்று உருவாக்கிய யுஎஸ்பி 1996-ல் பிறந்தது. தண்டர்போல்ட் 2011-ல் ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில், வேறொரு முனையோடு, வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் அறிமுகமாயிற்று. 2015-ல் அதன் மூன்றாம் பதிப்பு சி வடிவத்தையே சுவீகரித்துக்கொண்டு வேகத்தையும் 40 கிகாபிட்டாக உயர்த்திக்கொண்ட அன்றுதான் குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழி போடப்பட்டது. இன்று ஒரே தோற்றமுள்ள சி போர்ட், 480 மெகாபிட் மட்டும் கடத்துவதாகவும் இருக்கலாம், 40 கிகாபிட்டோ அதற்கு மேலோ கடத்துவதாகவும் இருக்கலாம்.

ஹப் என்பது வேகத்தை உற்பத்தி செய்யும் சாதனமன்று. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாயை எத்தனை வீடுகளுக்குப் பிரித்தாலும் வருகிற தண்ணீர் அவ்வளவுதான் என்பதைப்போல, லேப்டாப்பின் போர்ட் தருவதைத்தான் அது பங்கிடுகிறது. ஆகையால் தேர்வு கடையில் நிகழ்வதன்று. லேப்டாப்பை வாங்கிய தினத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. போர்ட்டின் பக்கத்தில் மின்னல் அம்புக்குறி இல்லையென்றால், கம்பெனியின் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டே பர்ஸைத் திறக்கவேண்டும். பழைய தண்டர்போல்ட் 3 டாக்குகளில் பல, சாதாரண யுஎஸ்பி லேப்டாப்பில் உயிர்பெறுவதே இல்லை. இருக்கும் போர்ட்டின் சக்தியையும் கடந்து நிற்கிற தடைகளும் உண்டு: எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வெளி மானிட்டர் ஒன்றைத்தான் நேரடியாக ஏற்கும், எத்தனை விலையுயர்ந்த டாக்கும் அந்த விதியை மாற்றாது.

நம் ஆடிட்டருக்குத் தண்டர்போல்ட் வீண் செலவென்பதே என் அபிப்பிராயம். கையெழுத்து டோக்கனும் மவுஸும் 480 மெகாபிட்டிலேயே சுகஜீவனம் நடத்தும். அவர் கவனிக்கவேண்டியது மானிட்டரை. மலிவான ஹப்பின் பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ‘30 ஹெர்ட்ஸ்’ என்பது பூதக்கண்ணாடிக்குரிய எழுத்தில் இருக்கும். அந்த 30-ல், மவுஸின் அம்பு திரையில் வழுக்கிச் செல்லாமல் தத்தித் தத்திப் போகும். நீண்ட எக்ஸெல் தாளை உருட்டும்போது எண்கள் துடிக்கும். 60 ஹெர்ட்ஸ் உள்ளதற்கு ஓராயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது கண்ணுக்குச் செய்யும் உபகாரம்.

மார்கழிக் கச்சேரியை நாலைந்து காமிராக்களில் பிடித்து, மறுநாளைக்குள் எடிட் செய்து அனுப்பவேண்டிய மயிலாப்பூர் இளைஞரின் நிலைமை வேறு. 200 ஜிபி பதிவை 5 கிகாபிட் யுஎஸ்பி ஹப் வழியே, வினாடிக்கு 400 எம்பி வீதம் நகர்த்த எட்டு நிமிஷங்களுக்கு மேலாகும்; தண்டர்போல்ட் வழியே, நல்ல எஸ்எஸ்டி இருந்தால், ஒன்றரை நிமிஷம் போதும். அதோடு இரண்டு 4கே மானிட்டர்களும் ஒரே கேபிளில் ஓடவேண்டுமென்றால், அந்த ரூ.20,000 அவருக்குத் தொழில் முதலீடு. ஆனால் சார்ஜரோடு வந்த சி கேபிளையே இடையில் செருகிவிட்டால் அத்தனையும் பாழ். அவற்றில் பல 480 மெகாபிட்டுக்கு மேல் கடத்தா.

இத்தனை நுட்பத்தையும் ஜனங்கள் தாமே கண்டறியவேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை. சார்ஜர் குப்பை பெருகுவதைக் கருதி, இந்தியத் தர நிர்ணய அமைவனம் சி முனைக்கும் கேபிளுக்கும் தரநிலை வெளியிட்டது. 2023 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். எனினும் வடிவம் பொதுவாக ஆக, உள்ளே உள்ள பேதம் பார்வைக்கு மறைந்துபோகிறது. பொட்டலப் பொருளில் அதிகபட்ச விலையை அச்சிடவேண்டும் என்று விதி வகுத்திருப்பதும், அந்த அமைவனத்தை நிர்வகிப்பதும் ஒரே நுகர்வோர் அமைச்சகம்தான். போர்ட்டின் வேகம், மானிட்டரின் ஹெர்ட்ஸ், கடத்தும் வாட்ஸ் ஆகிய மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடும்படி உத்தரவிட அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. இருக்கிற விதிகளில் ஒரு திருத்தம் போதும்.