24 மணி நேரமா, 23-ஆ? கொடைக்கானல் சூரியப் படங்கள் கேட்கும் கேள்வி

காலை 8 மணிக்கு ஒரு படம், மறுநாள் காலை 8 மணிக்கு இன்னொரு படம். இடைவெளி எவ்வளவு? '24 மணி நேரம், இதுல என்ன கேள்வி?' என்றுதான் யாரும் சொல்வார்கள். டேட்டாபேஸும் அதையேதான் சொல்லும். ஆனால் முதல் படம் 1942 ஆகஸ்ட் 31, அடுத்தது செப்டம்பர் 1 என்றால், சரியான விடை 23. இரண்டாம் உலகப்போருக்காக அன்று முதல் இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. பழைய நேரம் திரும்பியது 1945 அக்டோபர் 15-ல்தான்.

பழங்கதை, நமக்கெதுக்கு என்று விட முடியாது. பழனி மலையில் 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் சேர்ந்திருக்கின்றன. கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். இன்று அந்தப் படங்கள் டிஜிட்டல் கோப்புகள். லேப்டாப் இருக்கும் எந்த மாணவரும் ஆராயலாம். கரும்புள்ளி எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று கணக்கிட இரு படங்களுக்கு இடையிலான நேரம் வேண்டும். பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் ஒருமுறை சுற்ற சுமார் 27 நாள். அதாவது ஒரு மணி நேரம் தப்பினால் கரும்புள்ளி அரை டிகிரி தள்ளிப்போகும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1-ல். அதற்கு முன் மெட்ராஸ் நேரம்; கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை மணி கழித்தால் கிட்டத்தட்ட 9 நிமிடம் போச்சு.

குவெரி எழுதுபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். மைஎஸ்க்யூஎல்லில் 'டைம்ஸ்டாம்ப்' வகை 1970-க்கு முந்தைய தேதியை ஏற்காது. 'டேட்டைம்' ஏற்கும், ஆனால் எந்த ஊர் நேரம் என்பது அதற்குத் தெரியாது. 'கன்வெர்ட் டிஇசட்' இன்னும் மோசம்: 1942-ஐக் கொடுத்தால் எர்ரர்கூட காட்டாமல், கொடுத்த நேரத்தையே அப்படியே திருப்பித் தரும். 'டைம்டிஃப்' 838 மணி 59 நிமிடம் 59 விநாடியோடு நின்றுவிடும், 35 நாள்கூடத் தாங்காது. கத்துகிற பிழையைச் சரிசெய்துவிடலாம்; சத்தமே இல்லாத இந்த மாதிரிப் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் தேவலாம். '+05:30' என்று எண்ணாக எழுதாமல் 'ஏசியா/கொல்கத்தா' என்று பெயரைக் கொடுத்தால், மெட்ராஸ் நேரம், போர்க்கால நேரம் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அமெரிக்க கிளையன்ட்டுக்கு நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான். அங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரம் நகர்கிறது, ஷிஃப்ட் நேரக் கணக்கும் அதோடு உதைக்கிறது.

ஆனாலும் யுடிசிக்கு மாற்றிவிட்டுப் பழைய நேரத்தை அழிப்பது பெரிய தப்பு. பதிவேட்டில் கையால் எழுதிய நேரம் ஒரு காலமாகவும், அது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பது இன்னொரு காலமாகவும் இருக்கட்டும். மாற்றியது தவறு என்று பத்து வருஷம் கழித்துத் தெரிந்தால், திரும்பிப் போக வேறு வழி கிடையாது.