இணைப்பு அறுந்தால் ஆட்டம் முடிந்ததா?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

சதுரங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மரப்பலகையும், கறுப்பு வெள்ளைக் கட்டங்களும், கன்னத்தில் கையூன்றி எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரும்தாம். பலகையும் இல்லாமல், எதிராளியின் அருகில் அமராமலும், ஒரு நாட்டின் அணி உலகப் போட்டியில் தங்கம் வென்றது என்றால் அது புதுமையன்றோ! அந்தப் புதுமை நிகழ்ந்த ஆண்டு 2020. அந்த வெற்றியின் வரலாற்றில் நம் போன்ற அரசுக் கல்லூரி மாணவர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

தொலைவிலிருந்து ஆடுவது புதிதன்று. அஞ்சலட்டையில் நகர்த்தலை எழுதியனுப்பி, பதிலுக்கு நாள்கணக்கில் காத்திருந்து ஆடியவர்கள் உண்டு. 1945-இல் அமெரிக்காவும் சோவியத் நாடும் பத்துப் பலகைகளில் வானொலி வழியே மோதின. சோவியத் அணி 15½–4½ என்று வென்றது. 2020-இல் கொரோனா வந்து அரங்குகள் எல்லாம் அடைபட்டபோது, நார்வே நாட்டு உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சன் ஏப்ரல் மாதத்திலேயே எட்டு வீரர்களைக் கொண்டு தம் பெயரால் இணையவழிப் போட்டி ஒன்றை நடத்திக் காட்டினார். அவ்வாண்டு ரஷ்யாவில் நடக்கவிருந்த ஒலிம்பியாட் தள்ளிப் போகவே, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இணையவழி ஒலிம்பியாடை அறிவித்தது.

ஓர் அணிக்கு ஆறு பலகைகள்: ஆடவர் இருவர், மகளிர் இருவர், இருபது வயதுக்குட்பட்ட இளைஞர் ஒருவர், இளம்பெண் ஒருவர். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம். நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல். விதித் குஜராத்தி தலைமையில் அமைந்த நம் அணியில் விசுவநாதன் ஆனந்த், கொனேரு ஹம்பி, ஹரிகா, ஹரிகிருஷ்ணா போன்ற மூத்தோரும், நிகால் சரின், திவ்யா தேஷ்முக் போன்ற இளையோரும் இருந்தனர். தமிழகத்தின் அரவிந்த் சிதம்பரமும், பிரக்ஞானந்தாவும் அவர் தமக்கை வைஷாலியும் இடம்பெற்றனர். சீனாவை 4–2 என வென்று நம்மவர் கால் இறுதிக்குள் நுழைந்தனர்.

இனி நடந்ததைக் கூர்ந்து கவனியுங்கள். ஆகஸ்டு 28 அன்று கால் இறுதியில் நமக்கு எதிரி அர்மீனியா. முதற்சுற்றில் அவர்களது வீரர் மார்டிரோசியனின் இணைப்பு அறுந்தது. அவர் நேரம் தீர்ந்து தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அர்மீனியர் முறையிட்டனர், முறையீடு தள்ளப்பட்டது. மனம் கசந்து அவர்கள் அடுத்த சுற்றை ஆடாமலே விலகினர். நாம் அரை இறுதிக்குச் சென்றோம். அங்கே போலந்துடன் சமநிலை வர, முடிவு காணும் தனி ஆட்டத்தில் ஹம்பி வென்று நம்மைக் கரையேற்றினார்.

ஆகஸ்டு 30 இறுதி ஆட்டம். ரஷ்யாவுடன் முதற்சுற்று 3–3. இரண்டாம் சுற்றின்போது உலகின் பல பகுதிகளில் இணையம் தடைப்பட்டது. நிகாலும் திவ்யாவும் தொடர்பிழந்தனர். கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடியது. ரஷ்யா 4½–1½ என வென்றதாக முதலில் அறிவித்தனர். நாம் முறையிட்டோம். கூட்டமைப்பின் தலைவர் துவார்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு சரியானதே. ஆனால் அர்மீனியாவுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியா? "இறுதி ஆட்டத்தில் நேர்ந்தது உலகளாவிய தடை; அதனோடு ஒருவர் இணைப்பு அறுந்ததை ஒப்பிடலாமா?" என்று கேட்கலாம். தடை பெரிதாயினும் சிறிதாயினும் ஆடுபவனுக்கு இழப்பு ஒன்றே. பெரிய அணி தோற்றால் கேட்க ஆள் உண்டு. தனியொருவன் தோற்றால் கேட்பார் யார்?

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் எடமலைப்பட்டி புதூரில் பள்ளி மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் தாயார் தையல் வேலை செய்பவர். வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே கைபேசி. இணையவழிப் போட்டி ஒன்றில் ஒரு யானை மிகையாக இருந்து வெல்லும் நிலையில் அவன் ஆடிக்கொண்டிருந்தபோது காற்றும் மழையும் வந்தன. மின்சாரம் போயிற்று, இணைப்பும் போயிற்று. நடத்தியவர்களுக்கு அவன் எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. அவன் தோற்றது எதிராளியிடமா, வறுமையிடமா?

"விதியைத் தளர்த்தினால், தோற்கும் நேரத்தில் தாமே இணைப்பை அறுத்துக்கொள்வோர் பெருகுவர்" என்பர். உண்மைதான். அதற்கும் வழியுண்டு. வீரர்கள் அவரவர் ஊரில் ஒரு பொது இடத்தில் கூடி, நடுவர் முன்னிலையில் கணினியில் ஆடும் கலப்பு முறைக்கு உலகக் கூட்டமைப்பே விதிகள் வகுத்துள்ளது. ஏமாற்றும் நடவாது, ஏழை மாணவனும் இணைப்புக்கு அலைய வேண்டியதில்லை.

தமிழகம் சதுரங்கத்தில் தழைத்ததும் இப்படித்தான். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் முன்நின்று, 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. இருக்க இடமும், ஆடப் பலகையும், உடன் ஆட ஆளும் அங்கே கிடைத்தன. அங்கு ஆடிப் பழகிய சிறுவன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். திறமை ஆனந்துடையது, அதற்குக் கதவு திறந்துவிட்டது அந்த அறை.

அன்று அறையும் பலகையும் போதும். இன்று அவற்றோடு அறுபடாத இணைப்பும், மின்சாரம் போனால் தாங்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். நம் கல்லூரியில் மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளுள் ஒன்றை இதற்கென ஒதுக்கினால் என்ன? நான்கு கணினிகள் போதும். நம் மாணவரோடு சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து ஆடட்டும். வெல்வதும் தோற்பதும் அவர்கள் பாடு; ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பைத் தருவது நம் கடமை. கல்லூரி நிர்வாகமும் மாணவர் பேரவையும் இதனை மனத்திற் கொள்ளுமாக!