தூண் போனால் தளம் தாங்குமா?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருந்த ஆறு மாடி நியூ வேர்ல்ட் ஹோட்டல், 1986 மார்ச் 15ஆம் தேதி ஒரு நிமிடத்திற்குள் தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. ஒரு தூண் நொறுங்க, அதன் சுமை பக்கத்துத் தூண்கள்மேல் ஏற, அவையும் நொறுங்கின. இதுதான் தொடர் சரிவு.

தோட்டத்து லயன் வீடு பலகையும் தகரமும். ஒரு கால் உளுத்தால் ஒரு மூலை சாயும், அவ்வளவுதான். இன்று அலோர் காஜாவிலும் ஜாசினிலும் அடுக்குமாடிகளிலும் கடைவீடுகளிலும் வாழும் நாம், தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளத்தைப் பற்றி அறிந்துகொள்வது அவசியம் என்றே நினைக்கிறேன்.

தளத்தைத் தூணுக்குப் பாரம் என்று மட்டும் எண்ணுகிறோம். ஆபத்தில் அது வலையாகவும் மாறும். நடுத்தூண் ஒன்று திடீரெனப் போனால், இருபுறத்து பீம்களும் ஒரே நீண்ட பீம் போலாகித் தொய்கின்றன. தூண் இருந்த இடத்தில் முன்பு பீமின் மேல்பக்கம் இழுபட்டது. இப்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே அடிக்கம்பி தொடர்ச்சியாக இல்லாவிட்டால் பீம் அதோடு சரி. பீமோடு சேர்த்து வார்த்த தளமும் தொய்யும். அப்போது அதன் கம்பிகள் நாலாபுறமும் இழுபட்டு, ஏணைத் துணி குழந்தையைத் தாங்குவதுபோல் சுமையைத் தாங்குகின்றன. அந்த இழுவையை யார் பிடிப்பது? தளத்தின் ஓரப்பகுதியே வளையமாக அழுந்தி எதிர்த்து நிற்கிறது. சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் உள்ளே இழுக்க, வளையம் அழுந்தி நிற்கிறதே, அதே வேலைதான். தளம் பாழாகும், ஆனால் ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும்.

மூலைத்தூண் போனால் கதை வேறு. இரண்டு பக்கங்களில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பக்கத்துத் தூண்களுக்கும் மிச்ச பலம் வேண்டும். நியூ வேர்ல்டில் அது இல்லை.

லண்டனில் 1968 மே 16ஆம் தேதி, 22 மாடி ரோனன் பாயிண்ட் கட்டடத்தின் 18ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் இறந்தனர். அது முன்வார்ப்புப் பலகைகளை அடுக்கிக் கட்டியது; பலகைகளுக்கிடையே போதிய பிணைப்பு இல்லை. அதன்பிறகே தளங்களையும் தூண்களையும் கம்பியால் பிணைக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் வந்தது. நம் பொறியாளர்கள் நெடுங்காலம் பின்பற்றிய பிஎஸ் 8110 விதிநூலிலும் அது உண்டு.

எனக்குக் கவலை தருவது கடைவீடுகளைப் புதுப்பிக்கும் விதம். படிக்கட்டுக்காகத் தளத்தை வெட்டுகிறார்கள், குழாய்க்காகக் கம்பியை அறுக்கிறார்கள். "ஒரு கம்பிதானே" என்பார்கள். வலையில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டு மீன் பிடிக்கப் போவார்களா? பொறியாளரைக் கேட்காமல், நகராண்மைக் கழக அனுமதி பெறாமல் இதில் கைவைக்கவே கூடாது.

கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர்கள், கட்டுமான இடத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் போங்கள். தூணுக்கு மேலே பீமின் அடிக்கம்பி எங்கே முடிகிறது, தளத்தின் கம்பி ஓர பீமுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். மறுநாள் எல்லாம் மறைந்துவிடும்.