வீட்டுக் கணிப்பொறியின் சாவி



சென்ற திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையை விட்டு அகலவில்லை. எழுதியவர் பொம்மசந்திரா ஆலையொன்றில் இரவுப் பணி பார்க்கும் ஓர் அன்னையார். "நான் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் என் மகன் வீட்டுக் கணிப்பொறியில் எதையெதையோ இறக்கி நிறுவிவிடுகிறான். தடுப்பது எப்படி? அவ்வாறு தடுப்பது முறைதானா?" என்று கேட்டிருக்கிறார். முதற் கேள்விக்கு விடை சொல்ல வல்லுநர் பலர் உளர். இரண்டாவதற்கு, பட்டவன் என்ற உரிமையோடு நான் சில சொல்லலாம் எனக் கருதுகிறேன்.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவன்; கணிப்பொறி வல்லுநன் அல்லேன். ஹெப்பகோடியில் ஓசூர் சாலைக்கு உட்புறமாக இரண்டு அறை வீட்டில் நாங்கள் நால்வர். கணிப்பொறி ஒன்றே. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரு மாணவி பெற்ற கணினி அவளுக்கே உரியது. எங்கள் வீட்டிலுள்ளதோ தெருக்குழாய் போலப் பொதுச் சொத்து. என் மனைவி அதில்தான் வங்கிக் கணக்கைப் பார்ப்பாள். வீட்டில் நடத்தும் மாலை வகுப்பின் வரவு செலவை எழுதுவாள். மகள் பாடம் படிப்பாள். ஏழாம் வகுப்பு மகன் விளையாடுவான். எல்லோரும் நுழைவது ஒரே வாயில், ஒரே கடவுச்சொல். அந்தக் கடவுச்சொல்லும் எங்கள் சொந்த ஊரின் பெயர்தான்!

சென்ற கோடை விடுமுறையில், தான் விளையாடும் விளையாட்டில் இலவசமாக நாணயங்கள் சேர்க்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு சிறு மென்பொருளை மகன் எங்கிருந்தோ இறக்கி நிறுவினான். நாணயம் ஒன்றும் சேரவில்லை. இரண்டு நாள் கழித்து என் மனைவியின் மின்னஞ்சலுக்குள் அவளே நுழைய முடியவில்லை. உறவினர் பலருக்கும் அவள் பெயரால், "அவசரம், பணம் வேண்டும்" என்று மடல்கள் சென்றிருந்தன. தருமபுரியிலுள்ள என் சின்னம்மா, கேட்பவள் மருமகளாயிற்றே என்று 8,000 ரூபாய் அனுப்பிவிட்டார். இணையக் குற்றங்களுக்காக 1930 என்ற உதவி எண் உண்டு. உடனே அழைத்தால் பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு. நாங்கள் வெட்கத்தால் மூன்று நாள் வாளாவிருந்து நான்காம் நாள் அழைத்தோம். தொகை மீளவில்லை. பிழை எங்களுடையது.

அன்றிரவு மகனைக் கடிந்துகொண்டேன். "வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவு என்று அதில் எழுதியிருந்ததா? அப்போதாவது உனக்கு ஐயம் எழவில்லையா?" என்றேன். அவன் தலை நிமிர்ந்து, "கணிப்பொறி வாங்கிய புதிதில் கடைக்காரர் வந்து அப்படித்தானே செய்தார், அப்பா? நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்?" என்றான்.

நான் வாயடைத்து நின்றேன். உண்மைதான். உரிமத்துக்குப் பணம் கொடுக்க மனமின்றி, கணக்கு மென்பொருளின் திருட்டுப் படியொன்றை ஒரு கடைக்காரரைக் கொண்டு போடச் செய்தவன் நான். காவலை அணைத்துவிட்டு அந்நியனை உள்ளே விடுவது எப்படி என்பதை என் மகன் என்னிடமே கற்றிருக்கிறான்.

மறுநாள் மேல்மாடி நண்பரை அழைத்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பேணுவது அவர் தொழில். அவர் முதலில் என்னைத்தான் கேட்டார்: "உங்கள் அலுவலகக் கணிப்பொறியில் நீங்கள் நினைத்ததை நிறுவ முடியுமா?" முடியாது. பதினாறு ஆண்டு பணியாற்றியும் ஒரு சிறு கருவியைப் போட வேண்டுமானால் விண்ணப்பம் எழுதுகிறேன். "அதை அவமதிப்பாக எண்ணியதுண்டா?" இல்லை. "அப்படியானால் அதையே பிள்ளையிடம் சொல்லுங்கள்" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் கூறுகிறேன். விண்டோஸ் கணிப்பொறியில் கணக்குகள் இருவகை. ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், அதற்கு எங்கும் நுழையவும் எதையும் மாற்றவும் உரிமை உண்டு. மற்றது ஸ்டாண்டர்டு, தன் அறைக்குள் புழங்கலாம், வீட்டின் தூண்களைத் தொட முடியாது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டிலுள்ள அனைவருமே பெரும்பாலும் எசமானர்கள்தாம். 2007இல் வந்த விஸ்டாதான், முக்கியமான மாற்றம் எதையும் செய்யுமுன் நிறுத்திக் கேட்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது. இன்றும் புதுக் கணிப்பொறியில் முதலில் அமைக்கும் கணக்கு எசமானன் கணக்காகவே அமைகிறது. நம்மில் பலர் அந்த ஒன்றோடு நின்றுவிடுகிறோம்.

ஆகவே நாங்கள் செய்தது இது. எசமானன் கணக்கொன்றைத் தனியே ஒதுக்கி, அதற்குப் புதிய கடவுச்சொல் வைத்தோம். அன்றாடப் புழக்கத்துக்கு நால்வருக்கும் நான்கு ஸ்டாண்டர்டு கணக்குகள். ஆம், எனக்கும் அதே வகைதான்! மகனுக்கு மட்டும் பூட்டு என்றால் அது தண்டனை. அனைவருக்கும் என்றால் வீட்டு முறை. இங்கே ஒரு நுணுக்கத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருளுக்கு எசமானன் உரிமை தேவையே இல்லை. எவர் கணக்கில் இயங்குகிறதோ அவருடைய சேமிப்பை எடுக்க அது போதும். மகன் தன் தாயின் கணக்கில் விளையாடியதால்தான் தாயின் கடவுச்சொல் போயிற்று. தனித்தனிக் கணக்கு இருந்திருந்தால் அவன் பிழை பெரும்பாலும் அவன் அறைக்குள்ளேயே நின்றிருக்கும்.

இவ்வளவு செய்தும் மூன்று வாரத்தில் அவன் கணக்கில் புதியதொரு விளையாட்டு முளைத்திருந்தது. கடவுச்சொல்லைத் திருடிவிட்டான் என்றே நினைத்தேன். நண்பர் சிரித்தார். சில மென்பொருள்கள் பயனாளரின் சொந்தக் கோப்புறையிலேயே குடியேறிவிடுமாம். அவை எவர் அனுமதியையும் கேளா. அதற்கும் விண்டோஸ் அமைப்புகளில் ஒரு வழியுண்டு: மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டுமே மென்பொருள் பெறலாம் என்று வரையறுத்தல். இது இணையத்திலிருந்து இறக்குவனவற்றைப் பெரும்பாலும் தடுக்கும். குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் விலக்க மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்ற ஏற்பாடும் இருக்கிறது. பிள்ளை எந்தெந்தத் தளம் சென்றான், எவ்வளவு நேரம் இருந்தான் என்ற வாராந்தர அறிக்கையையும் அது தரும். அறிக்கை வேண்டாம் என்று நான் அணைத்துவிட்டேன். வாயிலில் தாழ்ப்பாள் போடுவது தந்தையின் கடமை. பிள்ளையின் சட்டைப் பையை வாரந்தோறும் துழாவுவது வேறு காரியம். இதில் என்னோடு மாறுபடும் பெற்றோர் உண்டு. என் மனைவியே மாறுபடுகிறாள்.

சட்டம் இதில் யார் பக்கம் என்று கேட்கலாம். ஒவ்வொரு மென்பொருளும் நிறுவுமுன் நீண்டதோர் ஒப்பந்தத்தைக் காட்டி, "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தச் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி உரிய வயது எய்தாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, படிப்படியாக நடைமுறைக்கு வருவன. ஆனால் பொத்தானை அழுத்துவது நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அரசே ஒன்றை விலக்கினாலும் இதே கதைதான். 2020 செப்டம்பரில் நடுவணரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி விளையாட்டும் அதில் அடங்கியது. எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்களா? முறையான கடை அடைபட்டதும், முகம் தெரியாத தளங்களிலிருந்து அதை இறக்கினார்கள். வெறும் தடை பிள்ளையை மேலும் இருண்ட சந்துக்குள் அனுப்பிவிடுவதும் உண்டு என்பதை அன்று கண்டேன்.

ஆதலால் பூட்டோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்தோம். மென்பொருள் வேண்டுமானால் மகன் அதில் எழுத வேண்டும்: பெயர் என்ன, செய்தவர் யார், எங்கிருந்து இறக்குவது, எதற்காக. மஞ்சள் தடத்தில் மெட்ரோ வந்த பிறகு நான் முன்னிலும் விரைந்து வீடு திரும்புகிறேன். இரவு உணவுக்குப் பின் இருவரும் அமர்ந்து பார்ப்போம். இதுவரை ஒன்பது மனுக்கள். ஆறு ஏற்கப்பட்டன. நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச்சுக்காக ஒரு மனு இருந்தது. அதை நிறுவாமலே பிரௌசரில் பயன்படுத்தலாம் என்று அவனே அடுத்த நாள் கண்டுபிடித்து மனுவை அடித்துவிட்டான். மறுக்கப்பட்ட இரண்டில் ஒன்றைப் பற்றி இன்றளவும் கோபமாக இருக்கிறான். செய்தவர் யார் என்ற கட்டம் வெற்றாக இருந்தது; நான் இசையவில்லை.

இதே நோட்டில் என் மனு ஒன்றும் உள்ளது. பழைய திருட்டுப் படியை நீக்கிவிட்டு, கணக்கு மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எழுதினேன். "எதற்காக" என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று சற்றுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். மகன் எட்டிப் பார்த்தான். "சின்னப் பாட்டியின் பணத்துக்காக" என்று எழுதினேன். அந்தத் தொகையைத் திங்கள்தோறும் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்து வருகிறோம். இன்னும் மூன்று தவணை உள்ளது.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு இன்னொன்று. தங்கள் மகன் ஆர்வமுள்ளவன் போலும். பூட்டு மட்டுமே அவனுக்குப் போதாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தமையால், பலர் பழைய கணிப்பொறிகளைக் கழித்துக் கட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்றில் இலவச லினக்ஸைப் போட்டு, வங்கி, மின்னஞ்சல் எதுவும் இல்லாமல், அதற்கு அவனையே எசமானனாக்கிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படியொன்று கட்டிலடியில் கிடக்கிறது. மகன் அதை இருமுறை இயங்காமல் செய்தான். இருமுறையும் தானே முதலிலிருந்து நிறுவினான்.

மேல்மாடி நண்பர் வரும் ஞாயிறு மாலை சங்கக் கூட்டத்துக்கு வந்து, கணக்குகளைப் பிரிப்பதை நேரில் செய்துகாட்ட இசைந்திருக்கிறார். பிள்ளைகளையும் அழைத்து வரலாம். கணிப்பொறியைத் தூக்கிவர வேண்டியதில்லை. கடவுச்சொல்லை எழுதி எடுத்துவரவே வேண்டாம்.