சிறுவாடு சங்கமான கதை

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கடுகு டப்பாவை நான் திறந்து பார்க்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்! ஆனால், அதன் அடியில் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒரு சிறுவாட்டு முடிச்சு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கறிகாய் வாங்கியதில் மிச்சம், பழைய பேப்பர் போட்டதில் மிச்சம், பிறந்த வீட்டில் கையில் வைத்து அழுத்தியது என்று சேர்ந்த பணம். எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டியது அந்த முடிச்சுதான்!

ஆனால், ஒளித்து வைத்த பணத்துக்கு ஒரு குறை உண்டு. அவசரத்துக்கு உதவும், வியாபாரத்துக்குப் போதாது. முதல் வேண்டுமென்று பாங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள். வீடும் நிலமும் அவர் பேரில். நகையோ அடகுக் கடையில். நமக்கு யார் ஜாமீன்?

சென்னையில் 1978-ல் இதற்கு ஒரு விடை பிறந்தது. வெள்ள நிவாரண வேலைக்காகக் குடிசைப் பகுதிகளுக்குப் போன ஜெயா அருணாசலம், அங்கே பூவும் காய்கறியும் இட்லியும் விற்கும் பெண்களைக் கண்டார். காலையில் 90 ரூபாய் வாங்கி, மாலையில் 100 ரூபாயாகத் திருப்பித் தரும் தண்டலில் அவர்களுடைய லாபமெல்லாம் கரைந்து கொண்டிருந்தது. அவர்களைச் சேர்த்து ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு குழு; ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். பாங்கிகள் நூற்றுக்கு 4 வட்டியில் கடன் கொடுத்தன. 1981-ல் சங்கத்துப் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக் கொண்டார்கள்.

“பட்டணத்துக் கதை இது, எங்கள் ஊருக்கு என்ன?” என்று கள்ளக்குறிச்சி வாசகி கேட்கலாம். அங்கே இதே யோசனை சர்க்கார் வாசல் வழியாக வந்து சேர்ந்தது. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்பட்டது. 1989-ல், ரோம் நகரிலுள்ள சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1991-92-ல் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் அவை வந்தன. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது; 1993-ல் விழுப்புரம் ஜில்லாவுக்குப் போயிற்று; 2019-ல் தானே ஒரு ஜில்லா ஆயிற்று. ஜில்லாவின் பெயர் மாறிக் கொண்டே இருந்தது. குழுவின் நோட்டுப் புத்தகம் மட்டும் மாறவில்லை!

அந்த நோட்டில்தான் ரகசியமே இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் ஒரு குழு. வாரந்தோறும் கூடி, அஞ்சும் பத்துமாகப் போடுவார்கள். கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார்கள். சேர்ந்த பணத்திலிருந்து தேவைப்பட்டவளுக்குக் கடன். அவள் கட்டும் வட்டியும் குழுவுக்கே திரும்பி வரும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் பாங்கி திரும்பிப் பார்க்கும். 1992-ல் நபார்டு வகுத்த ஏற்பாட்டின்படி, சொத்து ஜாமீன் கேட்காமல் குழுவுக்கே கடன் தரலாம். நகையும் நிலமும் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து பெண்களின் வாக்கு வந்து உட்கார்ந்தது.

இனி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறிப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்த மலை அது. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு ‘மலையாளிகள்’ என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணி விடாதீர்கள்! தேனும் புளியும் கடுக்காயும் சாமையும் அவர்கள் உழைப்பில் இறங்கி வருகின்றன. புளி உலுக்கும் மாசி, பங்குனியில் விலை சரியும். கையில் காசில்லாதவள் அன்றைக்கே விற்றாக வேண்டும். வியாபாரி சொன்னதே விலை. குழுவில் சிறு கடன் கிடைத்தால் கொட்டை எடுத்து, உலர்த்தி, நாலு மாதம் பொறுத்து விற்கலாம். கடன் அவளுக்குக் கொடுப்பது பணத்தை மட்டுமல்ல, காத்திருக்கும் தைரியத்தையும்தான்.

எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து மனைவியுடையது, பணம் கணவனுக்கு என்று போன கடன்கள் உண்டு. வருஷக்கணக்காக ஒருத்தியே தலைமையில் இருந்து, நோட்டு அவள் வீட்டுப் பெட்டிக்குள் போய்க் குழுவே கலைந்ததும் உண்டு. இப்போதோ வாசலில் வந்து கடன் கொடுக்கும் கம்பெனிகள் பல. ஒன்றில் வாங்கி இன்னொன்றை அடைப்பவளுக்கு, ஜாமீனாக நின்ற தோழியே கடன்காரியைப் போல் வாசலில் வந்து நிற்கும் நாள் வரும். சேமிப்பில் ஆரம்பிக்காமல் கடனில் ஆரம்பிக்கும் குழுவுக்கு இதுதான் கதி.

ஆகவே, சகோதரியே, உங்கள் தெருவிலும் ஒரு குழு இருக்குமானால், “எவ்வளவு கடன் கிடைக்கும்?” என்று முதலில் கேட்காதீர்கள். “நோட்டு யாரிடம் இருக்கிறது? கடைசியாக அதை எல்லார் முன்னாலும் வாசித்தது எப்போது?” என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், கடுகு டப்பாவின் மூடியைத் தயங்காமல் திறக்கலாம்.

வீட்டுக்காரர் பார்த்தாலும் பரவாயில்லை!